'ஹையர் தேன் எனி அதர்': அந்த 'அதர்' இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இரணியல்காரி:
என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். நம் மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுதிய முதல் வாக்கியம் இது:

'கன்னியாகுமரி ஹேஸ் எ ஹையர் லிட்டரசி ரேட் தேன் எனி டிஸ்ட்ரிக்ட் இன் தமிழ்நாடு.'

ஆசிரியை 'எனி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 'அதர்' (மற்ற) என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். தகவலில் பிழை இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்தில் முதலிடம் நமக்குத்தான். பிறகு எதற்காக இந்தச் சிவப்பு மை? பையன் கேட்கிறான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது விளக்குங்களேன். (ஆங்கில எழுத்து கூடாது என்பது தள விதி. அதனால் எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

குழித்துறைக் கரை:
ஆசிரியை செய்தது சரி. 'எனி அதர்' என்றுதான் வர வேண்டும்.

இரணியல்காரி:
அண்ணா, சரி என்பது தெரிகிறது. ஏன் சரி என்பதுதான் கேள்வி.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
நான் சொல்கிறேன். மாலை வகுப்பில் இதை ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனவள் நான்.

'எனி டிஸ்ட்ரிக்ட் இன் தமிழ்நாடு' என்றால் தமிழ்நாட்டில் உள்ள எந்த மாவட்டமானாலும் என்று பொருள். அந்த வரிசையில் கன்னியாகுமரியும் நிற்கிறது. அப்படியானால் பையனுடைய வாக்கியம் சொல்வது என்ன? கன்னியாகுமரியின் எழுத்தறிவு கன்னியாகுமரியின் எழுத்தறிவை விடவும் அதிகம் என்றுதான். தன்னைத் தானே ஒருவர் எப்படித் தாண்ட முடியும்? 'அதர்' போட்டால் நாம் வரிசையிலிருந்து வெளியே வந்து, மீதி உள்ளவர்களோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்கிறோம்.

இதே காரணத்தால்தான் 'எனி ஒன்' வரும் இடத்தில் 'எல்ஸ்' போட வேண்டும். 'ஷி சிங்ஸ் பெட்டர் தேன் எனி ஒன் இன் தி கொயர்' என்று சர்ச் ஆண்டு மலரில் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணும் அதே பாடகர் குழுவில்தான் பாடுகிறாள். 'எனி ஒன் எல்ஸ்' என்று எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

ஒப்பிடப்படுவது அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருந்தால் 'அதர்' வரக்கூடாது. இதைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. 'அதர்' போட்டால் மதிப்பெண் கிடைக்கும் என்று மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் தூவிவிடுகிறார்கள். 'கன்னியாகுமரி ஹேஸ் எ ஹையர் லிட்டரசி ரேட் தேன் எனி அதர் டிஸ்ட்ரிக்ட் இன் பீகார்' என்று ஒரு மாணவி எழுதினாள். நம்மை எப்போது பீகாரில் சேர்த்தார்கள் என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை.

தக்கலை வாசகன்:
டீச்சர், மன்னிக்க வேண்டும், எனக்கு இது ஒப்பவில்லை. அந்தப் பையனின் வாக்கியத்தைப் படித்த யாருக்காவது கன்னியாகுமரி தன்னையே முந்திவிட்டது என்று தோன்றியிருக்குமா? ஆங்கிலேயர்களே பேச்சில் இந்த 'அதரை' விட்டுவிடுகிறார்கள். பொருள் குழம்பாத இடத்தில் மதிப்பெண்ணைக் குறைப்பது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் மேல் பயத்தைத்தான் வளர்க்கும். சரியான ஒரு தகவலைத் தேடிப் பிடித்து எழுதியதற்கு ஒரு பாராட்டுச் சொல் எழுதியிருக்கலாம் அந்த ஆசிரியை.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
பாராட்டு விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். பேச்சில் விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் வங்கித் தேர்விலும் அரசுத் தேர்விலும் 'பிழையைக் கண்டுபிடி' என்று வரும் கேள்விகளில் இந்த 'அதர்' ஒரு நிரந்தரக் கண்ணி. பேச்சு வழக்கு என்று அங்கே போய் வாதாட முடியாது.

தெற்கெல்லை:
இதற்குள் ஒரு சரித்திரமும் ஒளிந்திருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதிக்கு முன்னால் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. அந்த அக்டோபர் மாதத்தில் ஒருவர் இந்தப் பகுதியைச் சென்னை மாநிலத்து மாவட்டங்களோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், 'எனி டிஸ்ட்ரிக்ட்' என்பதே சரி. 'அதர்' போட்டிருந்தால் அதுதான் பிழை. நவம்பர் பிறந்த அன்று அதே வாக்கியத்துக்கு 'அதர்' தேவைப்பட்டுவிட்டது. இந்தத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின் பலன்களில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

தக்கலை வாசகன்:
இப்படி ஒரு விளக்கத்தைப் பள்ளியில் யாராவது சொல்லியிருந்தால் நான் அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போதும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கக்கூடாது என்றுதான் சொல்வேன், ஆனால் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன்.

பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்:
நம் பிள்ளைகள் இந்த இடத்தில் ஏன் இடறுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே. தமிழில் 'எல்லாரையும் விட அவள் நன்றாகப் பாடுவாள்' என்றால் போதும். 'மற்ற எல்லாரையும் விட' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. 'மாவட்டங்களிலேயே' என்று ஏகாரம் போட்டுவிட்டால் அந்தக் கூட்டத்துக்குள் இருந்துகொண்டே முதலிடத்தைப் பிடித்துவிடலாம். பையன் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான்.

இன்னொன்று. தமிழில் ஒப்பிடும்போது பெயரடை உருமாறுவதில்லை. 'உயரமான மரம்', 'அதை விட உயரமான மரம்'. ஆங்கிலத்தில் 'டால்' என்பது 'டாலர்' ஆகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வால் மட்டும் போதுமானதாகத் தெரிவதில்லை, 'மோர் டாலர்' என்று இரட்டைப் பூட்டுப் போடுகிறார்கள்.

பழைய தமிழில் ஒப்பீட்டுக்கு ஐந்தாம் வேற்றுமை, அதாவது 'இன்', 'இல்' உருபு. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று அதற்கு நன்னூல் நான்கு பொருள் சொல்லும். 'காக்கையிற் கரிது களாம்பழம்' என்பது உரைகாரர்கள் தரும் எடுத்துக்காட்டு. காக்கையைப் போலக் கறுப்பா, காக்கையை விடக் கறுப்பா? இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது அந்த வாக்கியம். அதனால்தான் உவமப்பொரு, உறழ்பொரு என்று உரையாசிரியர்கள் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஆஸ் பிளாக் ஆஸ்', இரண்டாவதற்கு 'பிளாக்கர் தேன்'. இரண்டு அச்சும் தனித்தனி, ஒன்றோடு ஒன்று கலக்கக்கூடாது. 'பிளாக்கர் ஆஸ்' என்றோ 'ஆஸ் பிளாக் தேன்' என்றோ எழுதினால் எந்த அச்சிலும் சேராது.

தோவாளை மல்லி:
ஐயா, களாம்பழம் சாப்பிட்டு நாளாகிவிட்டது. நினைவுபடுத்திவிட்டீர்கள்.

கொல்லங்கோடு கணக்கன்:
நான் ஆங்கிலத்துக்கு வரவில்லை, எண்ணுக்கு வருகிறேன். இந்த 'ஹையர் தேன்' என்ற தொடர் இலக்கணத்தில் செய்யும் சேதத்தை விடப் புள்ளிவிவரத்தில் செய்யும் சேதம் அதிகம்.

அதே 2011 கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75, மாநிலத்தினுடையது 80.09. கழித்தால் 11.66. உடனே 'லெவன் பாயின்ட் சிக்ஸ் சிக்ஸ் பெர்சன்ட் ஹையர் தேன் தி ஸ்டேட்' என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. 11.66 என்பது சதவீதப் புள்ளி. சதவீதத்தில் சொல்ல வேண்டுமானால் 11.66ஐ 80.09ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட பதினான்கரை சதவீதம் வரும். இரண்டு எண்ணும் சரியானவை, ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

அடுத்தது மடங்கு. மக்கள் நெருக்கத்தைப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு நமக்கு 1,111 பேர், மாநிலத்துக்கு 555 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை 'ட்வைஸ் ஆஸ் டென்ஸ் ஆஸ் தி ஸ்டேட்' என்று எழுதினால் எவனும் வாய் திறக்க முடியாது. 'டூ டைம்ஸ் டென்ஸர் தேன்' என்று எழுதிப் பாருங்கள், கேள்வி கிளம்பும். இரண்டு மடங்கா, அல்லது மாநிலத்தின் அளவோடு மேற்கொண்டு இரண்டு மடங்கு சேர்ந்து மூன்று மடங்கா? பெரும்பாலானவர்கள் இரண்டு மடங்கு என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒப்பந்தத்திலோ ஆய்வேட்டிலோ 'பெரும்பாலானவர்கள்' என்பது போதாது.

இன்னும் தெளிவாக வேண்டுமானால் வள்ளுவர் சிலையைப் பாருங்கள். மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அதன் மேல் சிலை 95 அடி. 95ஐ 38ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் இரண்டரை. அதாவது சிலை பீடத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரம்: 'டூ அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் ஆஸ் டால் ஆஸ்'. ஆனால் பீடத்தை விட எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால் 57 அடி, அது பீடத்தில் ஒன்றரை மடங்குதான். கறாராகப் பார்ப்பவன் 'ஒன் அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் டாலர் தேன்' என்பான். ஒரே சிலைக்கு இரண்டு எண்.

அபுதாபி நாஞ்சிலான்:
கணக்கன் அண்ணா சொல்வதை நான் நேரில் அனுபவித்தவன். இங்கே கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை. கான்கிரீட்டின் வலிமை பற்றிய ஓர் அறிக்கையில் 'த்ரீ டைம்ஸ் ஸ்ட்ராங்கர் தேன்' என்று எங்கள் பிரிவில் ஒருவர் எழுதினார். எகிப்துக்காரப் பொறியாளர் ஒரு மாதிரியும் பிலிப்பைன்ஸ்காரர் ஒரு மாதிரியும் படித்தார்கள். கடைசியில் எண்களை அப்படியே அட்டவணையாகப் போட்டு, அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் 'டைம்ஸ்' வந்தால் பின்னால் 'ஆஸ்' மட்டும்தான்.

ஒரு சந்தேகம். தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் 'மூன்று மடங்கு அதிகம்' மட்டும் தெளிவானதா?

கொல்லங்கோடு கணக்கன்:
இல்லை தம்பி, அதுவும் அதே குட்டைதான். 'மூன்று மடங்காக உயர்ந்தது' என்று எழுதினால் தெளிவு. 'மூன்று மடங்கு அதிகம்' என்றால் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

இரணியல்காரி:
கணக்கன் சார், நெருக்கத்திலும் நாம்தான் முதலா? பையன் இரண்டாவது வாக்கியமாக அதைத்தான் எழுதியிருக்கிறான்.

கொல்லங்கோடு கணக்கன்:
இல்லை. சென்னை இருக்கிறது, சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். நாம் இரண்டாமிடம். எனவே 'டென்ஸர் தேன் எனி அதர் டிஸ்ட்ரிக்ட் எக்செப்ட் சென்னை' என்று எழுத வேண்டும். 2011இல் மாநிலத்தில் 32 மாவட்டங்கள்தான் இருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது 38. ஆண்டைக் குறிப்பிடாமல் 'எனி அதர் டிஸ்ட்ரிக்ட்' என்று எழுதினால் அன்றைக்குப் பிறக்காத மாவட்டங்களையும் சேர்த்து ஒப்பிட்டதாகிவிடும்.

குழித்துறைக் கரை:
ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இது கொஞ்சம் அதிகம், சார்.

பேச்சிப்பாறை ரப்பர்:
டீச்சரிடம் எனக்கும் ஒரு கேள்வி. 'தி ரெயின்ஃபால் இன் கன்னியாகுமரி இஸ் ஹெவியர் தேன் தூத்துக்குடி' என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதினேன். ரப்பர் மரத்தில் பால்வெட்டு எத்தனை நாள் தடைபடுகிறது என்று விளக்குவதற்காக. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு என்பதையும் சேர்த்திருந்தேன். திருத்திக்கொடுத்தவர் 'தேன்' என்பதற்குப் பிறகு 'தட் இன்' என்று செருகியிருக்கிறார். எதற்கு?

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
உங்கள் வாக்கியத்தில் ஒரு பக்கம் மழை இருக்கிறது, மறுபக்கம் ஊர் இருக்கிறது. மழையை ஊரோடு எப்படி ஒப்பிடுவது? மழைக்கு எதிரே மழைதான் நிற்க வேண்டும். 'தட்' என்பது அங்கே 'ரெயின்ஃபாலுக்கு'ப் பதிலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பன்மையானால் 'தோஸ்'. 'தி ரோட்ஸ் ஆஃப் மார்த்தாண்டம் ஆர் நாரோவர் தேன் தோஸ் ஆஃப் நாகர்கோவில்.' (இலக்கணத்தில் பிழையில்லை, உண்மையிலும் பிழையில்லை.)

இதுவும் தமிழ் தந்த பழக்கம்தான். 'தூத்துக்குடியை விட நமக்கு மழை அதிகம்' என்று நாம் ஊரையே நேராக நிறுத்திவிடுகிறோம், தமிழ் அதைத் தாங்கிக்கொள்கிறது.

தோவாளை மல்லி:
எனக்கு ஒரு குறை. இந்த இழை முழுக்கத் 'தேன்' 'தேன்' என்று படித்ததும் மார்த்தாண்டம் தேன்தான் நாக்கில் வருகிறது. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சும்மாவா?

பணி நிறைவு பெற்ற தமிழாசிரியர்:
வேடிக்கையாகச் சொன்னாலும், பிள்ளைகளுக்கு அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பீட்டுக்கு வருவது 'தேன்', பிறகு என்ற பொருளில் வருவது 'தென்'. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்து பிரிந்தவை என்பதால் குழப்பத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. தேர்வுத் தாளில் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது, அவ்வளவுதான்.

குரூப் தேர்வு மாணவன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, என் பங்குக்கு ஒன்று. 'எனி அதர்' வாக்கியத்தை 'நோ அதர்' என்று மாற்றச் சொல்லித் தேர்வில் கேட்கிறார்கள். 'நோ அதர் டிஸ்ட்ரிக்ட் இன் தமிழ்நாடு ஹேஸ் ஆஸ் எ ஹை லிட்டரசி ரேட் ஆஸ் கன்னியாகுமரி' என்று எழுதினேன். விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறது.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
தம்பி, 'எ' இடம் மாறிவிட்டது. 'ஆஸ் ஹை எ லிட்டரசி ரேட் ஆஸ்' என்று வர வேண்டும். முதலில் பெயரடை, அதற்குப் பிறகு 'எ'. வழக்கமான வரிசைக்கு நேர் எதிர் என்பதால் காதுக்குக் கரடுமுரடாக இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

மூன்று வடிவமும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: 'நோ அதர்... ஆஸ் ஹை எ', 'ஹையர் தேன் எனி அதர்', 'தி ஹையஸ்ட்'. ஆனால் 'ஆஸ் ஹை ஆஸ் எனி அதர்' என்று எழுதினால் செய்தி மாறிவிடும். நம்மை மிஞ்சியவர் இல்லை என்பது மட்டும்தான் அதில் உறுதி, சமமாக ஒருவர் இருக்கலாம். மாற்றி எழுதும் கேள்விகளில் நல்ல மாணவர்களும் விழும் குழி இது. எனக்கு 'ஹையர் தேன் எனி அதர்' வடிவம்தான் பிடிக்கும். 'நோ அதர்' கேள்வித்தாள்களில் வாழும் அளவுக்குப் புத்தகங்களில் வாழ்வதில்லை.

குரூப் தேர்வு மாணவன்:
நன்றி டீச்சர். 'மோர் தேன் ஒன்' வந்தால் வினை பன்மையா? ஒன்றுக்கு மேல் என்றால் பன்மைதானே?

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
பொருளைப் பார்த்தால் பன்மை, ஆனால் வினை ஒருமை. 'மோர் தேன் ஒன் போட் வாஸ் கேன்சல்ட்' என்றுதான் எழுத வேண்டும். கடல் சீற்றத்தால் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகள் நின்றுபோன செய்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஒன் போட்' என்ற ஒருமை பக்கத்திலேயே நிற்பதால் வினையும் அதன் பின்னால் போய்விடுகிறது. 'மோர் தேன் டூ போட்ஸ்' என்றால் 'வேர்'.

அப்படியே இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் ஆகியவை லத்தீனிலிருந்து வந்தவை. அவற்றுக்குப் பின்னால் 'தேன்' வராது, 'டு' வரும். 'பிரிஃபர்' என்ற வினைக்கும் அப்படித்தான்: 'ஐ பிரிஃபர் மட்டி டு ரொபஸ்டா.' (இரண்டும் வாழைப்பழ வகைகள்.)

தோவாளை மல்லி:
அதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. மட்டிதான்.

இரணியல்காரி:
கடைசியாக ஒன்று. இது பையனுக்காக இல்லை, எனக்காக. 'மை மதர்-இன்-லா டிரஸ்ட்ஸ் தி ஃபிஷ்செல்லர் மோர் தேன் மீ.' இதில் 'மீ' சரியா, 'ஐ' சரியா?

குழித்துறைக் கரை:
முதலில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிய வேண்டும். மாமியார் உங்களை நம்புவதை விட மீன்காரரை அதிகம் நம்புகிறாரா? அல்லது நீங்கள் மீன்காரரை நம்புவதை விட மாமியார் அவரை அதிகம் நம்புகிறாரா?

தக்கலை வாசகன்:
கவனியுங்கள், தமிழிலும் இது பிடிபடாது. 'மாமியார் என்னை விட மீன்காரரை அதிகம் நம்புகிறார்' என்றால் சட்டென்று முதல் பொருள்தான் வரும். ஆனால் 'விட' என்பதற்கு முன்னால் எப்போதும் தமிழின் இரண்டாம் வேற்றுமை 'ஐ' உருபு வருவதால், இரண்டாவது பொருளிலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் ஆங்கிலத்தைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
பேச்சில் இரண்டு பொருளுக்கும் 'மீ'தான் வரும், அதைப் பிழை என்று சொல்லிப் பயனில்லை. பழைய இலக்கணக்காரர்கள் இரண்டாவது பொருளுக்கு 'மோர் தேன் ஐ' என்பார்கள். வெறும் 'ஐ' இன்றைக்கு விறைப்பாகக் கேட்கிறது. வினையையும் சேர்த்துவிட்டால் சண்டையே இல்லை: உங்களை நம்புவதை விட என்றால் 'மோர் தேன் ஷி டிரஸ்ட்ஸ் மீ', நீங்கள் நம்புவதை விட என்றால் 'மோர் தேன் ஐ டூ'. எந்த வாக்கியம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரணியல்காரி:
சாளை வாங்கும் நாளில் இரண்டாவது, நெய்மீன் வாங்கும் நாளில் முதலாவது, டீச்சர்.